நம் தெரு அன்பியத்தின் கடைசிக் கூட்டம்

அம்மா,

தெருக்காரர்கள் கூடி பைபிள் வாசித்து ஜெபிக்கும் இந்த அன்பியம் என்பது மனிதகுலம் கண்டுபிடித்தவற்றிலேயே மிக வீணான அமைப்பு. காலையில் கோபத்தில் சொன்னதை இப்போது நிதானமாகவும் சொல்கிறேன்.

இன்று மாலை நம் வீட்டில் நீ நடத்தும் கூட்டத்துக்கும் ஆள் சேராவிட்டால் நம் தெருவைப் பக்கத்துத் தெரு அன்பியத்தோடு இணைத்துவிடுவதாகப் பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். அதற்குப்பின் உன்னைத் தேடி இந்தப் படியேற யாருமில்லை, தெரியும். ஆனாலும் வரமாட்டார்கள். தையல்கார அத்தையே, "உங்கம்மாவுக்கு வேற பொழப்பு இல்லையாடா?" என்கிறார்.

முட்டை பொரித்து மூடி வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடு. கதவைப் பூட்டாதே, என் சாவி மேசையில் இருக்கிறது.

பி.கு.: நாற்காலிகளைப் போட்டுவிட்டேன்.

இன்னொன்று: கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். மாடிவீடுகள்தான் பாக்கி, கேட்டுவிட்டு வருகிறேன். யாரும் வராவிட்டால் வசனத்தை நானே வாசிக்கிறேன். நீ உட்கார்ந்து கேள்.