நாலாவது செடி

ரொக்ஸ்பரோ, 8.2.2004

அன்புள்ள சுகிர்தமலருக்கு,

நீரும் மாமியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். எனக்கு இருமல் விட்டுவிட்டது.

வீட்டுக்காரர் ஜில் ஐயா, தன் நோய்வலிக்கு மருந்தாக, பேஸ்மென்டில் என் அறைக்குப் பக்கத்தில் நாலு கஞ்சாச் செடி வளர்க்கிறார். பயப்படாதேயும், அரசாங்க அனுமதி இருக்கிறது. அடியிலைகள் மஞ்சளாகிக்கொண்டு வருகின்றன என்று கவலைப்பட்டார். நம் தோட்டத்துப் புகையிலையில் பார்க்காத மஞ்சளா? நைதரசன் போதாதென்று சொல்லிப் பசளை போடவைத்தேன். பத்து நாளில் புது இலைகள் கரும்பச்சையாக வந்தன.

அந்தச் சந்தோசப் புளுகத்தில், புகையிலைக்குச் செய்வதுபோல, இலை தடிக்கட்டுமென்று பூக்களைக் கிள்ளத் தொடங்கினேன். மூன்று செடி முடிந்தது. மருந்தே பூவில்தானாம்! ஐயா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பக்கக் கிளையில திரும்பப் பூக்கும், ஐயா. கொஞ்சம் பொறுங்கோ," என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். பிறகு சிரித்தார். அவை பூக்கும்வரை மிஞ்சிய நாலாவது செடிதான் அவருக்கு மருந்து.

நாலாவதில் கைவைக்கப் போகையில்தான் அன்று உம்முடைய ரெலிபோன் கோல் வந்தது. நாம் கதைத்து முடிப்பதற்குள் ஐயா வந்து பார்த்துவிட்டார்.

மிளகாய்த்தூள் முடிகிறது, யாரும் வந்தால் கொடுத்துவிடும். வேலைக்கு நேரமாகிறது. ஞாயிறுகளில் ஒருக்கால் கோல் எடும். கதைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் எடும், ஐயாவின் செடிகள் தப்பட்டும்.

உம்முடைய,
சபாநேசன்