மடித்து வைத்த துப்பட்டா

துப்பட்டாவின் மடிப்பைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்திருக்கிறேன். வெள்ளைத் துணி. நம் காலத்தில் கொடுத்த அதே முரட்டுப் பருத்தி, அதே பாச்சை உருண்டை வாசனை. உனக்கு அந்த வாசனை ஆகாது. "பொணத்துக்குப் போத்தற துணி மாதிரி இருக்குது டி" என்று முதல் நாளே மூக்கைச் சுருக்கினாய். அன்றைக்கு நான் சிரித்தேன். நீ அப்படிச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இன்று மாலை அமைதி நேரத்தில் இது மூன்றாம் வரிசை ஜன்னலோரத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த இடத்துக்குரிய பெண் அவள் அறையில் இல்லை, சிக் ரூமிலும் இல்லை. டிரைவரும் வாட்ச்மேனும் ஜீப்பை எடுத்துக்கொண்டு தேடிப் போயிருக்கிறார்கள். துறைமுகத்தில் மதியமே புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். டவர் போய்விட்டது, கைப்பேசிகள் எதுவும் வேலை செய்யவில்லை. இந்த அறையின் பழைய ஃபோனுக்கு மட்டும் உயிர் இருக்கிறது. அது அடித்தால் எடுக்க ஆள் வேண்டும், அந்த ஆள் நான். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

ஆமாம், நான் இங்கேயேதான் இருக்கிறேன். சிரிக்காதே. "படிப்பு முடிஞ்சா இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று சொன்ன நான்தான் இன்றைக்கு மாணவர் நலப் பிரிவுக்குப் பொறுப்பு. சண்டை வந்தால், சாம்பாரில் பூச்சி கிடந்தால், அப்பா கட்டாயக் கல்யாணம் பேசினால், எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் என் அறைக்குத்தான் வருகிறார்கள். பல்கலைக்கழகம் என்று பலகை பெரிதாக எழுதியிருந்தாலும் இடம் அதே கைக்குட்டை அளவுதான். வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று இப்போதும் சொல்லிவிடலாம்.

விதிப் புத்தகத்தின் முதல் பக்கம் உனக்கு மனப்பாடம். எந்த மதத்தினர் மீதும் வழிபாடு திணிக்கப்படாது, ஆனால் மாலை அமைதி நேரத்துக்கு விடுதி மாணவிகள் அனைவரும் வர வேண்டும். "சாமி கட்டாயம் இல்ல, உக்கார்றதுதான் கட்டாயம்" என்று அதற்கு நீ உரை எழுதினாய். வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு அவரவர் இடத்தில் பேசாமல் உட்கார வேண்டும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பக்கத்தில் இருப்பவள் அவளுடைய துப்பட்டாவை மடித்து அந்த இடத்தில் வைப்பாள். வார்டன் மேர் நடந்துகொண்டே எண்ணுவார். (கன்னியரை ‘மேர்’ என்று கூப்பிடும் பழைய பாண்டிச்சேரி வழக்கம் இந்தக் காம்பவுண்டுக்குள் இன்னும் சாகவில்லை.) தலை என்றால் ஒன்று, துணி என்றால் ஒன்று. துணி இருந்தால் அவள் சிக் ரூமில் இருக்கிறாள் என்று பொருள். சிக் ரூமுக்குப் போய் எட்டிப் பார்ப்பது பிள்ளைகளை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று மேர் நினைத்தார். நம்பிக்கை வைப்பது இந்த இடத்தின் பெருமை. அந்த நம்பிக்கையை நாம் புல்வார் ரோட்டுக் கடையில் பஜ்ஜியோடு சேர்த்துத் தின்ற மாலைகள் எத்தனை! கிரிக்கெட் இறுதிப் போட்டி அன்று அரை மண்டபத்துக்குக் காய்ச்சல் வந்ததே, நினைவிருக்கிறதா?

நான் வில்லியனூர்ப் பக்கத்து வயக்காட்டுக்காரி. கடல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை. நீ பிள்ளைச்சாவடிப் பெண். உன் வீட்டுப் பின்சுவருக்கும் கடலுக்கும் நடுவே கொட்டிய பாறைகள் மட்டும்தான் மிச்சம். முதல் தடவை உன் வீட்டுக்கு வந்தபோது, "அதோ, அங்க எங்க தெரு இருந்துச்சு" என்று அலையைக் காட்டினாய். நான் விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். உன் அம்மா என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமலே, "ரெண்டு தெருவும்மா" என்று திருத்தினார்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மெஸ்ஸில் இன்று பூரி என்றால், "பாத்தியா?" பரீட்சை தள்ளிப்போச்சு என்றால், "நோட்டீஸ பாத்தியா?" உன் வாயை மூட என்ன செய்யலாம் என்று விடுதியே யோசித்தது. காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு புயலில், அப்பாவின் படகு தேங்காய்த்திட்டில் கரை சேர்ந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்களாம். அம்மா சோறு வடித்து, குழம்பு வைத்துக் காத்திருந்தாராம். கரை சேர்ந்தது வேறு யாருடைய படகோ. "யாரும் பொய் சொல்லலடி. எல்லாரும் கேட்டத சொன்னாங்க. ஒருத்தரும் பாக்கல" என்றாய். அதற்குப் பிறகு நீ "பாத்தியா?" என்று கேட்டபோதெல்லாம் நான் சிரிக்கவில்லை.

நாம் விடுதியில் இருந்தபோது வந்த அந்தப் புயல் நாளைப் பற்றி நான் யாரிடமும் முழுதாகப் பேசியதில்லை. முந்தின நாளில் இருந்தே நான் காய்ச்சலோடு சிக் ரூமில் கிடந்தேன். நீ மதியம் அவுட் பாஸ் கேட்டுப் போனதை மேர் பிற்பாடு அழுதுகொண்டே சொன்னார்.

"அம்மா ஃபோன் எடுக்கல மேர். கல்லத் தாண்டித் தண்ணி வந்துடும்."

"ரோட்ல மரம் விழுதும்மா. இந்தக் காத்துல உன்ன எப்படி அனுப்புவேன்? ஊர்க்காரங்க அம்மாவ ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க."

"யாரு பாத்தாங்க மேர்?"

மேர் சொன்னதில் தப்பு என்ன? இன்று அவுட் பாஸ் மறுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அதைவிட நல்ல பதில் தெரியவில்லை.

சாயங்காலம் சிக் ரூமுக்கு வந்தாய். என் நெற்றியில் கை வைத்தாய். உன் கை சில்லென்று இருந்தது. "தூங்கு. காலையில கஞ்சி எடுத்தாறேன்" என்றாய். அவ்வளவுதான் நீ என்னோடு கடைசியாகப் பேசியது. அதன் பிறகு மண்டபத்துக்குப் போய், என் இடத்தில் என் துப்பட்டாவையும் அதன் பக்கத்தில் உன்னுடையதையும் மடித்து வைத்துவிட்டு, பால் கேன் இறக்கத் திறந்திருந்த சமையல்கட்டுக் கதவு வழியாகப் போய்விட்டாய். மேர் எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. சிக் ரூமில் இருந்தது ஒருத்திதான்; எத்தனை பேர் என்று சிஸ்டரிடம் யாரும் கேட்கவில்லை.

நீ ஏறிய பஸ் காலாப்பட்டு ரோட்டில் விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் வெகுநேரம் நின்றிருக்கிறது. நீ உள்ளேயே உட்கார்ந்திருந்தாய் என்று கண்டக்டர் சொன்னார். அந்த நேரத்தில் இங்கிருந்து ஒரு ஜீப் கிளம்பியிருந்தால் உன் சடையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். கிளம்பவில்லை. ஏனென்றால் நீ இங்கே சிக் ரூமில் பத்திரமாக இருந்தாய்.

பொறுமை போய் இறங்கி நடந்தாய். ஊர் திருப்பத்தில் கடைத் தகரத்தைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஆள் உன்னைத் தடுத்திருக்கிறார். உன்னைப் புதைத்த அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"சொன்னேம்மா. உங்க அம்மா ஸ்கூலாண்ட போயிட்டாங்க, வூட்டுப் பக்கம் போவாதன்னு சொன்னேன். ‘நீ பாத்தியாண்ணா’ன்னு கேட்டுது. நான் பாக்கலம்மா. சொன்னாங்க, அதத்தான் நான் சொன்னேன்."

நீ பார்க்கப் போனாய். பின்சுவர் உன்மேல் விழுந்தது. உன் அம்மா பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆடுகளோடு உட்கார்ந்திருந்தார், புடவை நனையக்கூட இல்லை. "நான் இங்கதான இருந்தேன், இங்கதான இருந்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உன்மேல் வந்த கோபம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. ஒரே ஒரு முறை யாராவது சொன்னதை நம்பியிருக்கக் கூடாதா?

அதற்கப்புறம் கொஞ்ச காலம் மண்டபத்தில் துணி வைக்க யாருக்கும் கை வரவில்லை. வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் கருவி மாட்டினார்கள். உப்புக் காற்று அதைத் தின்றுவிட்டது. உன்னைத் தெரியாத பிள்ளைகள் வந்தார்கள். ஒரு நாள் பார்க்கிறேன், காலியிடத்தில் ஒரு துப்பட்டா மடித்து வைத்திருக்கிறது. யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. எடுக்கச் சொன்னேன், கண்டித்தேன், நோட்டீஸ் ஒட்டினேன். தோழியின் இடம் வெறுமையாக இருந்தால் பிள்ளைகளுக்கு மனசு கேட்கவில்லை. சரி, வைத்தால் வையுங்கள் என்று விட்டுவிட்டு, துணி வைத்த ஒவ்வொரு இடத்துக்கும் உரியவளை நானே நேரில் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு இங்கே ‘பாத்தியா மேடம்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு.

இன்னொன்றும் செய்தேன். கூண்டு ஏறினால் கேட்டை மூட வேண்டும், யார் கேட்டாலும் அவுட் பாஸ் கிடையாது. அந்த விதியை எழுதியவள் நான்தான். உன்னை நினைத்து எழுதினேன். இன்று அதைக் காட்டித்தான் அவுட் பாஸ் கேட்டு வந்த தேங்காய்த்திட்டுப் பெண் ஒருத்தியைத் திருப்பி அனுப்பினேன். அவள் அம்மா துறைமுகத்தில் மீன் வெட்டிக் கொடுப்பவர். கழிமுகத்து ஓரம் வீடு, துணைக்கு யாரும் இல்லை. மாலையில் மூன்றாம் வரிசையில் அவள் இடத்தில் துணியைப் பார்த்ததும் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டேன்.

"காய்ச்சல் மேடம்."

"நீ பாத்தியா?"

"இல்ல மேடம். அவதான் சொன்னா."

மண்டபத்தின் ஜன்னல்கள் அப்போதுதான் அடிக்க ஆரம்பித்தன.

ஜீப் சத்தம் கேட்கிறது. இரு.

கொண்டு வந்துவிட்டார்கள். உப்பளம் ரோட்டில் தலைகுனிந்து காற்றுக்கு எதிராக நடந்துகொண்டிருந்தாளாம். தொட்டுப் பார்த்தேன். தோள், முகம், ஈரத் தலை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். அவள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஃபோன் அடித்திருந்தது. தேங்காய்த்திட்டில் ஆட்களை வீடுகளில் இருந்து முகாமுக்குக் கொண்டு போகும் வேலையில் இருப்பவர் ஒருவர், நான் விசாரிக்கச் சொல்லியிருந்தேன்.

"உங்க அம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்மா. பத்திரமா இருக்காங்களாம். ஃபோன் வந்துச்சு" என்றேன்.

அவள் துடைத்துக்கொள்ளக் கொடுத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். திமிர் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"எல்லாத்துக்கும் நீங்கதான கேப்பீங்க மேடம். நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஃபோனில் சொன்னவரிடம் "பாத்தீங்களா" என்று நான் கேட்கவும் இல்லை. கேட்கப் பயமாக இருந்தது. என் கேள்விக்கும் வயசாகிவிட்டது போல.

அவளை அனுப்ப மாட்டேன். விதி இருக்கட்டும், உன்னைப் பார்த்த கண்ணால் அவளை அந்தக் காற்றுக்குள் அனுப்ப என்னால் முடியாது. ஆனால் யாரும் போய்ப் பார்க்காவிட்டால் அவள் மறுபடி போவாள். சமையல்கட்டுக் கதவைப் பூட்டினாலும் வேறு கதவு கண்டுபிடிப்பாள். உன் சாதிதானே அவள், பார்த்தால்தான் நம்புகிற சாதி. அதனால் நான் போகிறேன். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டு டார்ச்சைத் தேடுகிறார். மேர் வேண்டாம் என்றார், பிறகு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். எங்கே போகிறேன், எந்த ரோட்டில் போகிறேன் என்று மேரிடம் சொல்லிவிட்டேன். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன். சிக் ரூம் சிஸ்டரிடமும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணிடம், "என் கண்ணால பாக்காம வந்து சொல்ல மாட்டேன்" என்றேன். தலையாட்டினாள். பயந்த பிள்ளைதான் அவள், உன்னைப் போல முரடு இல்லை.

காற்றின் சத்தம் மாறியிருக்கிறது. உனக்கு அது என்ன என்று தெரியும், எனக்குத் தெரியாது. மேசைமேல் இருந்த துப்பட்டாவைப் பிரித்து அவள் தலைக்குப் போட்டுவிட்டேன். என் இடத்தில் எந்தத் துணியும் இல்லை. நாற்காலி காலியாகத்தான் இருக்கும், திரும்பி வராவிட்டால் எல்லாருக்கும் தெரியும்.

ஹாரன் அடிக்கிறார். பார்த்துவிட்டு வருகிறேன்.