வெள்ளிக்குப் போன கயிறு

மச்சான்,

துணி காயப்போடும் கொடி நேற்று அறுந்துவிட்டது. புதுக் கயிறு வாங்கலாம் என்று பழைய துறைமுகத்துப் பக்கம் போனேன். கடைக்கார அண்ணாச்சி நைலான் கயிற்றை எடுத்துப் போட்டார். தேங்காய் நார்க் கயிறு இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாரு சார் கேக்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் ஒரு சுருளைத் தூக்கி வந்து அவிழ்த்தார். மழை ஈரத்தில் அது நமத்துப் போயிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கடை மறந்துவிட்டது. எத்தனை மீட்டர் என்று அவர் கேட்டதற்கு "ஒன்பது பாகம்" என்று சொல்லித் தொலைத்தேன். நீ சங்கு குளிக்க இறங்குகிற ஆழம் அது. இரண்டு கையையும் விரித்து விரித்து நானே அளந்து காட்ட வேண்டியதாயிற்று. கொடிக்கு மூன்று பாகம் போதும்.

நம் கடற்கரையில் கடலுக்குள் இறங்கும் குளியாளுக்கு மேலே வள்ளத்தில் நின்று கயிறு பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலி அறுவதை எவனும் விரும்பமாட்டான் என்கிற யோசனைதான். அப்படிப் பார்த்தால் நீ என் தங்கை பிலோமியைக் கட்டிய நாளிலிருந்து உன் கயிறு என் கையில் இருந்திருக்க வேண்டும். நானோ கயிற்றை விட்டுவிட்டு சாக்பீஸ் பிடிக்கப் போனவன். கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். கல்யாணத்தன்று நீ என் கையைப் பிடித்துப் பார்த்து, "பஞ்சு மாதிரில்லா இருக்கு! இதுல கயிறக் குடுத்தா, கயிறுதான் மச்சானப் பிடிச்சுக்கிடும்" என்றாய். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே சுருக்கென்றது. எனக்குப் பதிலாக என் தம்பி உன் கயிற்றைப் பிடித்தான்.

எழுபத்தெட்டு டிசம்பரில் அவன் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான். சங்கு குளிப்பு தொடங்கியிருந்த நேரம். கண்ணாடி மாட்டிக்கொண்டு கயிறு இல்லாமல் இறங்கும் ஆட்கள் அப்போதே வந்துவிட்டார்கள். நீதான் கல்லும் கயிறும் இல்லாமல் இறங்கமாட்டேன் என்று நின்றாய். பிலோமி ஒரே போடாகப் போட்டாள்.

"அண்ணன் பிடிச்சா போங்க. இல்லன்னா வீட்டுல கெடங்க. வேத்தாள் கையில உங்கள விட்டுட்டு என்னால வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது."

எனக்கு அப்போது வேறு ஒரு தலைவலி. அதே மாதம்தான் அமெரிக்காக்காரர்கள் அனுப்பிய விண்கலம் வெள்ளிக் கிரகத்தை எட்டி, அதைச் சுற்றி வரத் தொடங்கியிருந்தது. அதன் காற்று மண்டலத்தை ஆராய்வதுதான் வேலை. அதைப் பற்றி வானொலியில் கால் மணி நேரம் பேச என்னை அழைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ கருப்பட்டிக் காப்பி குடிக்க வந்தபோது, எழுதி வைத்திருந்ததை உன்னிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது பக்கத்தில் உனக்குக் கண் சொருகியது. வெள்ளியின் தரையில் காற்றின் அழுத்தம் நம் ஊரைப் போலத் தொண்ணூறு மடங்கு என்ற இடத்தில் விழித்துக்கொண்டாய்.

"தொண்ணூறா? ஏ மாதாவே! ஒம்போது பாகத்துக்கே எனக்குக் காது ரெண்டும் பிச்சுக்கிட்டுப் போவுது. அங்கன எவம்ல எறங்குதான்?"

"ஆள் இல்ல மச்சான். எந்திரம். அதும் மேல நின்னு சுத்திக்கிட்டுத்தான் பாக்குது."

"கயிறு யாரு பிடிக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயிறும் கிடையாது ஒன்றும் கிடையாது, ரேடியோ அலை மட்டும்தான் என்றேன். நீ காப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "அப்ப அதுதாம்ல கயிறு" என்றாய். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படித்த திமிர்.

அடுத்த சனிக்கிழமை வள்ளத்தில் ஏறினேன். கிழக்கே விடிவெள்ளி பளிச்சென்று நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு ஒன்று போகிறது என்று வள்ளத்தில் இருந்தவர்களுக்குக் காட்டினேன். ஒருவரும் நம்பவில்லை.

சங்கு கிடக்கும் பாருக்கு மேலே வள்ளத்தை நிறுத்தியதும் சிலுவை போட்டுக்கொண்டு, கல்லில் கால் வைத்து இறங்கிவிட்டாய். கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடி, நின்றது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். இருபது, முப்பது, நாற்பது. பிலோமியின் முகம் கண்ணுக்குள் வந்தது. வெடுக்கென்று இழுத்துவிட்டேன். நீ மேலே வந்து தண்ணீரைத் துப்பி, "ஏலே! கைக்கு எட்டுன சங்க விட்டுட்டு வந்திருக்கேன்" என்று கத்தினாய். இரண்டாம் முறையும் அதே கதை. "வாத்தியாரு மச்சானத் தூண்டில் போட்டுப் பிடிக்காரு" என்று பின்னால் யாரோ சொல்ல, வள்ளம் குலுங்கச் சிரித்தார்கள். எனக்குக் கரைக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

வேறு ஆளிடம் கயிற்றைக் கொடுத்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். நீ கொடுக்கவில்லை. வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடியே சொன்னாய்:

"கயிறு சும்மா கெடந்தா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். ஆடும், தளரும், அதெல்லாம் கீழ நடக்கத உங்கிட்ட சொல்லுது. கேட்டுக்கிட்டே இரி. நான் ரெண்டு தடவ சுண்டுனா இழு. அதுவரைக்கும் இழுக்காத மச்சான்."

மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டேன். எண்ணவில்லை. கயிறு தளர்ந்தது. நீ நடக்கிறாய். லேசாக நடுங்கியது. மணலிலிருந்து எதையோ பிடுங்குகிறாய். ஒரு பக்கமாக வளைந்தது. அங்கே நீரோட்டம் இருக்கிறது. உன்னைப் பார்க்காமலேயே உன்னையும் உன்னைச் சுற்றி இருக்கும் கடலையும் என் கை பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு தடவை சுண்டியது. இழுத்தேன். உன் வலைப் பை நிறையச் சங்கு. என் உள்ளங்கை தோல் உரிந்து, திங்கட்கிழமை சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை.

வானொலிக்கு எழுதியிருந்ததைக் கிழித்துப் போட்டேன். புதிதாக எழுதியதில் அழுத்தக் கணக்கு எதுவும் இல்லை. விண்கலம் சுற்றி வரும்போது வெள்ளிக்குப் பின்னால் போய் மறைகிறது. காற்றே இல்லாத நிலாவாக இருந்தால் அதன் ரேடியோச் சத்தம் பட்டென்று அறுந்துவிடும். வெள்ளியில் அப்படி இல்லை. காற்றுக்குள் புகுந்து வரும் சத்தம் வளைந்து, தளர்ந்து, மெல்ல மெல்லத் தேய்கிறது. பூமியில் இருப்பவர்கள் பதறுவதில்லை. அந்தத் தேய்வை அளந்துதான் எந்த உயரத்தில் காற்று எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு சூடு என்று கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருவர் இதைக் கயிற்றை வைத்து எனக்குப் புரியவைத்தார் என்று பேச்சை முடித்தேன்.

ஒலிபரப்பானபோது டிரான்சிஸ்டரைக் கடற்கரைக்கே தூக்கிக்கொண்டு போய் எல்லோரையும் கேட்க வைத்தாயாம். திரும்பி வந்து வாசலில் நின்று, "எங்க ஊர்ல ஒருத்தர்னு சொன்னியே, அந்த ஒருத்தருக்குப் பேரு கெடையாதோ?" என்று கேட்டாய். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பருவம் முடிகிறவரை எல்லாச் சனிக்கிழமையும் உன் கயிற்றை நான்தான் பிடித்தேன். என் வாழ்க்கையில் நான் பெற்ற எந்தப் பட்டமும் எனக்கு அவ்வளவு பெருமை தரவில்லை.

போன வருடம் ஆஸ்பத்திரியில் உன் மூச்சு முட்டியபோது, மதுரைக்குக் கொண்டுபோய்க் குழாய் போட்டால் இன்னும் பத்து நாள் தள்ளலாம் என்றார் டாக்டர். பிலோமி என்னைப் பார்த்தாள். "அண்ணன் சொல்லுதபடி செய்வோம்" என்றாள். உன்னிடம் குனிந்தேன். "இழுக்காத மச்சான்" என்றாய். அதற்கே உனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது!

நான் இழுக்கவில்லை. மத்தியானம் முழுவதும் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது தளர்ந்தது, லேசாக நடுங்கியது, மறுபடி தளர்ந்தது. கேட்டுக்கொண்டே இருந்தேன். கோயில் மணி அடிக்கிற நேரத்தில் உன் விரல் என் உள்ளங்கையில் இரண்டு தடவை சுண்டியது. பிலோமி, "என்னண்ணா?" என்றாள். "வேலை முடிஞ்சிட்டு" என்றேன்.

கொடி கட்டியதுபோக மீதி ஆறு பாகத்தையும் சுருட்டி என் அறை ஆணியில் மாட்டியிருக்கிறேன். இன்று காலை துணி காயப்போட வந்த பிலோமி அதைப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்கு இங்கன சும்மா தொங்குது?" என்று கேட்டாள்.

தொங்கட்டும் மச்சான். கயிறு சும்மா கிடந்தால் நீ நன்றாக இருக்கிறாய் என்று அர்த்தம்.