பென்னியின் கால் வார்

நெப்ராஸ்கா,
மார்ச் 5

அன்பு மகள் மார்லிஸுக்கு அப்பா வெர்ன் எழுதுவது. நான் நலம். கோழிகளும் நலம், குளிர் விட்டதும் முட்டை கூடிவிட்டது.

உன் கடிதம் கிடைத்தது. நீ சிகிச்சைக்குப் போன பிறகு உன் செவ்வால் பருந்து பென்னி எலும்பும் தோலுமாக ஆகியிருக்கும் என்று பயப்படுகிறாய். முப்பது வருடம் முட்டை விற்று முன்னுக்கு வந்தவனுக்கு ஒரு பறவைக்குத் தீனி வைக்கத் தெரியாதா? எலி, முயல் தொடை, பண்ணையில் கழித்த சேவல் குஞ்சு. வேட்டைக்கு நீ வைத்திருந்த எடை ஆயிரத்து ஐம்பது கிராம். இன்று ஆயிரத்து இருநூற்று முப்பது. காட்டில் பறக்கவிடுவதற்கு முன் கொழுக்க வைக்கச் சொன்னது உனக்குப் பருந்து வேட்டை பழக்கிய குரு ஹார்லன்தான். தின்றதில் ரோமத்தையும் எலும்பையும் காலையில் உருண்டையாகக் கக்கிவிடுகிறாள். வேண்டாததை வெளியே தள்ளத் தெரிந்த உயிர் பிழைத்துக்கொள்ளும்.

தீவனக் கடை மெர்ல் கேட்டான்: "என்னய்யா வெர்ன், கோழி வளக்குறவன் பருந்துக்குச் சோறு போடுறியாமே? நாளைக்கு நரிக்குத் தொட்டில் கட்டுவியா?" "உன் மூட்டையக் கடிக்கிற எலிய எல்லாம் அவகிட்ட அனுப்பு, உன்னைவிட அவளுக்கு வேலை தெரியும்" என்றேன். நானும் ஒரு காலத்தில் பருந்தைக் கல்லால் அடித்தவன்தான். என் கோழிகளைத் தூக்கியது ராத்திரியில் திருட வரும் ரக்கூன் என்று தெரியப் பல வருடம் ஆயிற்று.

ஓடைக்கரை மரத்தில் பழைய பருந்து ஜோடி கூட்டைப் புதுப்பிக்கிறது. நேற்று பச்சைக் கொப்பு வந்தது. இரண்டும் காலைத் தொங்கவிட்டு வானத்தில் வட்டமடித்தால், பென்னி கொட்டகை ஜன்னலில் ஒட்டிக்கொண்டு கத்துகிறாள். அவள் வால் இன்னும் பழுப்புதான். "சிவப்பு கோடையில இறகு உதிர்ந்தப்புறந்தான் வரும், அவசரப்பட்டா ஆகுமா?" என்கிறான் ஹார்லன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். 'நீங்களே விட்டுடுங்கப்பா, நான் வீட்டுக்கு வர்றது நிச்சயமில்ல' என்று எழுதியிருக்கிறாய். முடியாது. அவள் காலில் நீ கட்டிய தோல் வாரை அறுக்காமல் விட்டால் ஏதாவது கிளையில் மாட்டிச் சாவாள். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் அறுக்க வேண்டும். ஹார்லன் வருகிறேன் என்றான். "உனக்குக் கை நடுங்குது, வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவன் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

அவளை நான் வைத்திருக்க நீ எழுதிக் கொடுத்த அனுமதி பதினான்காம் தேதிவரை. உன்னை அங்கிருந்து அனுப்புவது பன்னிரண்டாம் தேதி. வாசலில் என் லாரி நிற்கும். வீட்டிலிருந்த விஸ்கியை எல்லாம் சாக்கடையில் கவிழ்த்துவிட்டேன். எனக்கும் இனிக் காபிதான்.

கத்தரியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். நான் பிடித்துக்கொள்கிறேன், நீ அறு. கடவுள் உன் கையைத் திடமாக வைக்கட்டும்.

உன் வரவுக்காகக் கொட்டகையைப் பூட்டி வைத்திருக்கும்
அப்பா