வேனுக்குள் ஒரு வாடை

திருவொற்றியூர்
ஆகஸ்ட் 17, ஞாயிறு

அன்புள்ள வேம்புக்கு,

நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். நீயும், உன் தங்கை மாயாவும், அவள் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மாயா கேட்பாள். போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு இருமல் வந்துவிடுகிறது. அதைக் கேட்டதும் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு "சரி, வெச்சுடு" என்கிறேன். கடிதம் என்றால் நீ நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம். நானும் பாதியில் விட வேண்டியதில்லை.

மதி கோயம்புத்தூரிலிருந்து அடிக்கடி பேசுகிறாள். அம்மா இல்லாமல் அப்பா சமைக்கிறாரா, கடையில் தின்கிறாரா என்று விசாரணை. காசிமேட்டிலிருந்து வரும் மீன்கார அக்கா, "வேம்பு இன்னும் வர்லியா?" என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்றாலும் ஒரு கை நெத்திலியைத் தட்டில் போட்டுவிட்டுப் போகிறாள். போன வாரம் முழுக்க மணலிப் பக்கத்து ஆலைக் காற்று. தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டது. நல்லவேளை, நீ இங்கே இல்லை என்று நினைத்தேன். அப்படி நினைக்கும்படி ஆகிவிட்டதே என்று அப்புறம் மனசு கஷ்டப்பட்டது.

இப்போது வேன் விஷயத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ ஏலகிரிக்குப் போன பிறகு கொஞ்ச நாள் அந்த வேன் பக்கமே நான் போகவில்லை. எவ்வளவு ஆசையாக வாங்கினோம். உள்ளேயே கட்டில், அடுப்பு, குட்டிக் குட்டிக் கதவு வைத்த அலமாரிகள். நீ ஒவ்வொரு கதவையும் திறந்து திறந்து மூடினாய். ராமேஸ்வரம் போக வேண்டும், தனுஷ்கோடியில் வண்டியை நிறுத்திக் கடலைப் பார்த்துக்கொண்டே காபி போட வேண்டும் என்றாய். ஆனால் முதல் பயணத்தில், பகலெல்லாம் வெயிலில் நின்ற வண்டியில், திடீர் மழைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடையாறு தாண்டுவதற்குள் உனக்கு மூச்சு முட்டிவிட்டது. புது வண்டி வாடை, போகப் போகச் சரியாகிவிடும் என்று நீதான் எனக்குச் சமாதானம் சொன்னாய். சொல்லும்போதே உன் உதடு நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்தியது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இந்த ஊர்க் காற்றை விட்டுக் கொஞ்ச காலம் தள்ளியிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நீ மலைக்குப் போனாய். மாயா வீடு சின்னது. அங்கே நானும் வந்து எத்தனை நாள் தங்க முடியும்? அதனால்தான் திரும்பவும் வேனைத் திறந்தேன். அது சரியாகிவிட்டால், உனக்கு எங்கே மூச்சு வருகிறதோ அங்கே கொண்டுவந்து நிறுத்துவேன். அதுதான் நம் வீடு.

முதலில் எல்லோரும் சொன்னதைச் செய்தேன். ஊதுவத்தி ஏற்றினேன். காபித்தூளைக் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். எலுமிச்சை வாசனை ஸ்ப்ரே வாங்கி அடித்தேன். பழைய வாடை போகவில்லை, எலுமிச்சையும் சேர்ந்துகொண்டது. ஹபீபுல்லா பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமு, பொணத்துக்கு சென்ட் அடிச்ச மாதிரி கீது" என்றார். வண்ணாரப்பேட்டையில் வண்டி சீட் தைக்கிறவர், எத்தனையோ வண்டிக்குள் தலையை விட்டவர். வாடையை மூடி என்ன பிரயோஜனம், எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றார்.

பார்க்கலாம்தான். ஆனால் நம் மூக்கை வைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது? வெளியே ஆலை வாடை, சாக்கடை வாடை, டேங்கர் லாரி வாடை. இதற்கு நடுவில் வேன் வாடையை எப்படிப் பிரிப்பது? நான் வேலை செய்வதோ கண்டெய்னர் யார்டில், பெயிண்ட் ஷெட். என் மூக்கு எப்போதோ செத்துப்போய்விட்டது. கடைசியில் பாய் தன் வீட்டிலிருந்தே ஆளைக் கூட்டி வந்தார். அவர் பெண்சாதி ஜீனத்தை உனக்குத் தெரியும். அடுத்த வீட்டுப் பால் அடிப்பிடிப்பதை மாடியிலிருந்தே சொல்கிறவள்.

அவள் வந்ததும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். காலையில் வண்டிக்குள் வாடை அவ்வளவாக இல்லை, வெயில் ஏற ஏறத்தான் வருகிறது. அப்படியென்றால் சூட்டில் எதுவோ கக்குகிறது. வீட்டிலிருந்த எவர்சில்வர் டப்பாக்களையெல்லாம் எடுத்துவரச் சொன்னாள். அலமாரி மேல் ஒன்று, மெத்தை மேல் ஒன்று, தரையில் அங்கங்கே என்று கவிழ்த்து வைத்தாள். கதவைச் சாத்தி, வண்டியை நல்ல வெயிலில் விட்டோம். பிறகு ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கி உள்ளே முகர்ந்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மெத்தையில் கொஞ்சம். அலமாரிப் பலகையில் அதைவிட அதிகம். கட்டிலுக்கு அடியில், தரையில் கவிழ்த்திருந்த டப்பாவைத் தூக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அண்ணே, இங்கதான் கீது. எனக்கே கண்ணு எரியுது."

தரை விரிப்பைக் கிழித்தோம். அதன் கீழே பசை போட்டு ஒட்டிய நுரைத் தாள், அதன் கீழே பிளைவுட். பலகையின் அடிப்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. வண்டியைக் கட்டியவன் பலகை கெடாமல் இருக்கக் கரையான் எண்ணெயை வாரி ஊற்றியிருக்கிறான். அது காயாமலே, மூடிய இடத்திற்குள் கிடந்து, வெயில் பட்டபோதெல்லாம் மேலே வந்திருக்கிறது. அதன் மேல்தான் உன்னைப் படுக்கச் சொன்னேன் வேம்பு.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பலகை, நுரை, மெத்தை, திரை எல்லாம் போய்விட்டன. உனக்குப் பிடித்த அலமாரிகளையும் கழற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பலகையிலும் பசை வாடை இருந்தது, அதை உள்ளே விட்டுவைக்க மனசில்லை. இரும்புத் தகடு தெரியும்வரை கொதிநீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தோம். கதவெல்லாம் திறந்து வெயிலில் காயப்போட்டிருக்கிறேன். கப்பல் மாதிரி இருந்த வண்டி இப்போது கருவாட்டு லாரி மாதிரி நிற்கிறது. பார்த்தால் நீ திட்டுவாய். திட்டு. அதற்காவது நீ எதிரே நிற்க வேண்டுமே.

மாத்திரையைத் தவறவிடாதே. காலைப் பனியில் வெளியே நிற்காதே.

உன்,
நீலமேகம்


திருவொற்றியூர்
செப்டம்பர் 21, ஞாயிறு

அன்புள்ள வேம்புக்கு,

நீ நாலு வரி எழுதிப் போட்டது வந்தது. பக்கத்துக் குன்றை ஒருமுறை நடந்து ஏறி இறங்கினேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் ஹபீபுல்லா பாய்க்குப் படித்துக் காட்டினேன்.

வேன் வேலை முடிந்தது. தரைக்கு அலுமினியத் தகடு, பசை இல்லாமல் திருகு போட்டு முடுக்கியது. மெத்தைக்குப் பதில் நூல் நாடாக் கட்டில். அலமாரிக்குப் பதில் நம் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டிகள் இரண்டு. திரைக்கு உன் பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கிழித்துவிட்டேன், அந்த மாம்பழக் கரை போட்டது. கேட்காமல் எடுத்ததற்குக் கோபப்படாதே.

ஆனால் சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? திருவொற்றியூரில் நின்று சொல்ல முடியாது. அதனால் பாயையும் ஜீனத்தையும் ஏற்றிக்கொண்டு பழவேற்காடு போனேன். எண்ணூர் அனல்மின் சாம்பல் எல்லாம் பின்னால் போய், கடல் காற்று மட்டும் வரும் இடமாகப் பார்த்து நிறுத்தினேன். வேனை வெயிலில் மூடி வைத்துவிட்டு நாங்கள் தள்ளிப் போய் மணலில் உட்கார்ந்தோம். மூக்கு சுத்தமாகட்டும் என்று ஜீனத் சொன்னாள். எனக்குக்கூட உப்பு வாசனை லேசாகத் தெரிந்தது. நீ பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாய்.

பிறகு ஜீனத் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. நான் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கதவைத் திறந்து, "ஒண்ணுமே இல்லண்ணே! சொம்புல தண்ணி ரொப்பி வெச்ச மாதிரி கீது" என்றாள். நான் குதிக்காத குறை. ஓடிப்போய் உள்ளே ஏறி, நாடாக் கட்டிலில் உட்கார்ந்தேன். நீ எந்தப் பக்கம் படுப்பாய், ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜீனத் மூக்கைச் சுளித்தாள். "இப்ப வருது" என்றாள்.

நான் கீழே இறங்கினேன். போய்விட்டது. ஏறினேன், வந்தது. பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். செருப்பைக் கழற்றி வெளியே வைத்தேன், பையை வெளியே வைத்தேன். பாதி குறைந்தது என்றாள். மீதி சட்டையில், தலைமுடியில், தோலில். நான் குளித்துவிட்டு, துவைத்த சட்டைதான் போட்டிருந்தேன். ஆனால் அந்தச் சட்டையும் யார்டுத் துணியோடு ஒரே வாளியில் ஊறியதுதானே. வண்டியில் கடைசியாக மீந்திருந்த வாடை என்னுடையது.

திரும்பி வரும்போது எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு ஓட்டினேன். இத்தனை வருஷமாக ஷெட்டிலிருந்து நேராக வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தவன் நான். ஊர்க் காற்று, மணலிக் காற்று என்று யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே சூப்பர்வைசர் பாஸ்கரிடம் போய், ஷெட்டை விட்டு என்னை மாற்றிவிடு என்றேன். "இன்னாத்துக்கு மாமு? ஸ்ப்ரே புடிக்க உன்ன வுட்டா ஆளே கெடையாதே" என்றான். காரணம் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டே ரிஜிஸ்டரில் என் பெயரை மாற்றி எழுதினான். இப்போது கேட்டில் இருக்கிறேன். வருகிற லாரியின் பூட்டு முத்திரையைப் பார்த்து உள்ளே விடுகிற வேலை. பெயிண்ட் பிடித்த கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. ஆனால் திறந்த வெளி. புதுச் செருப்பு, தனி வாளி, தனிச் சோப்பு. தலையை ஒட்ட வெட்டிக்கொண்டேன், பார்த்ததும் பயந்துவிடாதே.

அக்டோபர் முதல் வாரம் லீவு கிடைத்திருக்கிறது. மழை பிடிப்பதற்குள் வேனோடு மலைக்கு வருகிறேன். வந்ததும் மாயா வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறேன். முதலில் நீ மட்டும் உள்ளே ஏறி உட்கார். உனக்கு ஒன்றும் செய்யவில்லை என்றால் அப்புறம் நான் ஏறுகிறேன். அப்போது நெஞ்சு அடைத்தால் உடனே சொல்லிவிடு வேம்பு. என் முகத்தைப் பார்த்து மறைக்காதே. நான் வெளியே பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கதவு மட்டும் திறந்திருக்கட்டும், நீ தூங்குவது தெரிந்தால் போதும்.

பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
நீலமேகம்


அத்தனாவூர், ஏலகிரி மலை
செப்டம்பர் 26

மதி அப்பாவுக்கு வேம்பு எழுதுவது.

கடிதம் கிடைத்தது. மாயாவைப் படிக்க விடாமல் நானே வைத்துக்கொண்டேன். திருப்பத்தூர் டாக்டர், நெஞ்சில் சத்தம் குறைந்திருக்கிறது என்கிறார். மூச்சுக்கு அடிக்கும் பம்பு தினமும் வேண்டியதில்லை, தேவைப்பட்டால் போதுமாம். இதை முதலில் எழுதிவிட்டேன், இல்லையென்றால் மற்றதை நீங்கள் நிதானமாகப் படிக்கமாட்டீர்கள்.

அலமாரி போனால் போகட்டும். திறந்து மூடத்தான் நன்றாக இருந்தது. உள்ளே வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது? மாம்பழக் கரைப் புடவைக்கு மட்டும் வந்ததும் பதில் சொல்ல வேண்டும்.

ஜீனத் சொன்னதைப் படித்தபோது எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. வெளியே பாய் விரித்துப் படுப்பதாக எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? பெயிண்ட் வேலையை விட்டது நல்லது. அந்த வாடை எனக்கு ஆகாதாம், டாக்டரும் சொன்னார். உங்கள் நெஞ்சுக்கும் ஆகாது, அதை ஏன் நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை? இங்கே வந்ததும் உங்களையும் அதே டாக்டரிடம் காட்டப்போகிறேன். சாக்குச் சொல்லக் கூடாது.

இன்னொன்றும் சொல்கிறேன். அங்கே மூச்சு முட்டும்போது என்னால் படுக்க முடியாது, எழுந்து உட்கார்ந்துவிடுவேன். நீங்கள் எனக்கு முதுகைக் கொடுத்து உட்காருவீர்கள், அசையாமல், விடியும்வரைக்கும். அந்த முதுகில் என்ன வாடை இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதில் சாய்ந்தால் மூச்சு மெல்ல மெல்லத் திரும்பி வரும், அது தெரியும். இங்கே காற்று நல்ல காற்றுதான். ஆனாலும் ஒருசில நாள் முட்டுகிறது. அப்போது சுவரில் சாய்ந்துகொள்கிறேன். மாயா தலையணை வைத்துப் பார்க்கிறாள். சுவர் சில்லென்று இருக்கிறது.

மாயா வீட்டுக்காரர் கொல்லைப்பக்கம் பலா மரத்தடியைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார். தள்ளியெல்லாம் நிறுத்த வேண்டாம். வேனுக்குள் நான் தனியாக ஏறிப் பார்க்கவும் மாட்டேன். இரண்டு பேரும் சேர்ந்தே ஏறலாம். இருமல் வந்தால் சேர்ந்தே இறங்கலாம்.

மலைப் பாதையில் வளைவு அதிகம். கிளம்பும் முன் பிரேக்கைப் பார்த்துவிடுங்கள். மழை பிடித்தால் ஜோலார்பேட்டையிலேயே நின்று, விட்டதும் ஏறுங்கள். எவ்வளவு நேரமானாலும் சரி, நான் சாப்பிடாமல்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
வேம்பு