கடமான் ஓடாது

11-3-84, ஞாயிறு
விடியற்காலை பாறைக்குட்டையில் கடமான்கள். இரண்டு பெட்டை, ஒரு குட்டி. முப்பது அடி தூரம்தான். கிடா தனியாக மேட்டில் நின்றது, கொம்பு உதிர்ந்து மொட்டைத் தலையோடு. காற்று திரும்பியதும் பெரிய பெட்டை வாலைத் தூக்கி, முன்னங்காலால் தரையைத் தட்டி, ‘பாங்’ என்று ஒரு கத்து கத்தியது. ஆனால் ஓடவில்லை. என்ன ஏதென்று தெரியும்வரை நின்று பார்க்கும். ஆறு வருஷ ஃபாரஸ்ட் வாட்சர் வேலையில் நான் கண்டது.

மாதா கோயிலில் பூசை முடிந்து தங்கச்சி ஆரோக்கியம்மாள் வீட்டில் இதையெல்லாம் சொன்னேன். அவள் புருஷன் அருள்சாமி, “எந்நேரம் வரும்? எந்தப் பக்கமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

19-3-84
குட்டைக்கரையில் ரத்தம். இழுத்துப்போன தடம். குட்டி மட்டும் நின்றது. என்னைப் பார்த்தும் போகவில்லை.

20-3-84
கடத்தூர் சந்தையில் அருள்சாமி காதோடு சொன்னான்: “நீ சொன்னது நெசம் மச்சான். ஓடவேயில்ல.”
சிரிக்கிறான்! நான் ஏன் வாயைத் திறந்தேன்?

21-3-84
ரேஞ்சர், விறகு வெட்டும் மாயவனைப் பிடித்துவிட்டார். கொடுவாளில் மான் ரத்தமாம். அவன் காலில் வெட்டுப்பட்ட ரத்தம் அது. ஜீப்பில் ஏற்றும்போது, “சவுரியப்பண்ணா, நீங்களாவது சொல்லுங்க” என்றான். நான் ஜீப் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

22-3-84
ஆரோக்கியம் வந்து அழுதாள். “ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குண்ணா. வெளிய சொல்லிடாத.” சரி என்று சொல்லி அனுப்பினேன்.

1-4-84
மாயவன் பெண்சாதி மாதம்மாள் கைக்குழந்தையோடு தருமபுரி பஸ்ஸுக்கு நின்றாள். ஜெயிலுக்குத்தான். வணக்கம் வேற வைக்கிறா எனக்கு. அய்யோ.

7-4-84
சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். “இத்தனை நாள் என்னய்யா பண்ணிட்டு இருந்த?” என்றார் ரேஞ்சர். அருள்சாமி வைக்கோல் போரில் நாட்டுத் துப்பாக்கி இருந்தது.

8-4-84
கோயிலில் ஆரோக்கியம் என்னைக் கண்டதும் எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள்.

14-4-84
மாயவனை நேற்று முன்தினம் விட்டுவிட்டார்களாம். மன்னிப்புக் கேட்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. “நேத்தே பொம்மிடியில ரயில் ஏறிட்டாங்க, பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்கு” என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாள்.

“நான்தான் உண்மையைச் சொன்னேன்னு அவனுக்குத் தெரியுமா?”

“நான் சொன்னேனுங்க.”

“என்ன சொன்னான்?”

பெரியம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்:

“‘அவருக்கு எப்பத்திலிருந்து தெரியுமாம்?’னு கேட்டானுங்க.”