கணவர் கைபேசி எண்

அன்புள்ள அக்காவுக்கு,

திருப்பதியிலிருந்து தாட்சாயணி எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? குப்பத்தில் மழை உண்டா? நான் நலம். இங்கே சாப்பாட்டில் காரம்தான் அதிகம்.

நான் பரிசோதிக்கும் மருத்துவமனைச் செயலி நேற்று வெளியாக வேண்டியது. நான் நிறுத்திவிட்டேன். ‘கணவரை இழந்தவர்’ என்று தேர்ந்தெடுத்தாலும் அது கணவர் கைபேசி எண்ணைக் கேட்கிறது. எழுதாவிட்டால் அடுத்த பக்கம் வராது.

“தானா செக் பண்ற டெஸ்டிங் டூல் தினமும் ஓடிக்கினுதான் இருக்குது மேடம், ஒரு தப்பும் காட்டலையே,” என்றான் எங்கள் குழுத் தலைவன் குணா.

“டூல் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிடுது. நான் காலியா விட்டுப் பார்த்தேன்.”

“ஏதோ ஒரு நம்பர் போட்டுட்டுப் போங்களேன்.”

“பொய் எழுதி பாஸ் பண்ற பழக்கம் எனக்கில்லை.”

குணா தகப்பனை இழந்தவன்; அவன் அம்மாவும் என்னைப் போலத்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டே தன் அம்மாவின் விவரங்களைப் போட்டுப் பார்த்தான். அதுவும் நகரவில்லை. பிறகு அவனே வெளியீட்டைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தான்.

என் பழைய மூக்குக் கண்ணாடியை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். ஆபீஸ் பஸ் வரும் நேரம், முடிக்கிறேன். அலமாரியில் இருக்கும் என் வீட்டுக்காரருடைய கைபேசிக்கு சார்ஜ் போட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவேன். நீங்கள் எடுங்கள்.

தாட்சாயணி